முதல் கியரில் பின்னால் போன பிக்கப்

வீட்டார் நம்பியது

நான் பட்டறையில் ஓராண்டுக்குமேல் தங்கமாட்டேன் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா அதை ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் நாலு பேரிடம் சொன்னார். தம்பி ஜெயசீலன் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னான். பதினெட்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள், பள்ளியில் மேல்நிலை வகுப்புகளை நிறுத்திவிட்டதால் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், தம்பியின் பட்டறைக்குப் பில் எழுத வந்திருக்கிறாள்; பள்ளி மறுபடி கூப்பிட்டதும் போய்விடுவாள். இதுவே அவர்கள் நம்பிக்கை. அன்பினால் உண்டான நம்பிக்கை என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் பட்டறை திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் இருக்கிறது. ஸ்பிரிங் கட்டு, ஆக்ஸில், வெல்டிங் வேலை. முதல் நாள் நான் பில் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தபோது, தலைமை ஃபிட்டர் கன்னியப்பன் ஒரு ஸ்டியரிங் தண்டின் சாய்வைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கைப்பையிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

"இன்னா டீச்சர், இங்க பரீட்சையா நடக்குது?" என்றார்.

அளந்து பார்த்தோம். அவர் கண் சொன்னதற்கும் பாகைமானி சொன்னதற்கும் அரைப் பாகைதான் வித்தியாசம். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று முதல் எதைப் பார்த்தாலும் முதலில் அவர் ஒரு எண்ணைச் சொல்வார், பிறகு நான் அளப்பேன். ஆறு மாதத்தில் பில் புத்தகம் மேசையில் தூசி பிடித்துக் கிடந்தது; நான் வண்டிகளுக்கு அடியில் கிடந்தேன்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்தவர்

பிறகு முனிரத்தினம் வந்தார். பள்ளிப்பட்டுக்கு அப்பால் எல்லையோரக் குன்றுகளில் மாந்தோப்பு வைத்திருப்பவர். தோப்பு அவருக்கு ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பாறையிலும் ஓடையிலும் வண்டி ஏற்றுவதுதான் அவருடைய உயிர். அதற்கு அவர் வைத்திருந்தது நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு பிக்கப்.

அந்த வண்டியின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். தார்ச்சாலையில் அது சுகம். பாறையில் அப்படியல்ல. ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது மற்றொன்று தரையை விட்டுத் தொங்கும்; சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மெல்லிய ஷாஃப்டுகள் வளைந்த நிலையில் முறியும். முனிரத்தினத்துக்கு மூன்று முறை முறிந்திருந்தது. மூன்று முறையும் அவர் அக்காள் கணவர் கோவிந்தராஜுலு தம் பழைய ஜீப்பால் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

"இழுத்துகினு வர்றதுகூடப் பரவால்லீங்க" என்றார் முனிரத்தினம். "ஊருக்குள்ள நொழையும்போது ஆரன் அடிச்சிகினே வர்றாரு எங்க பாவா. கல்யாண ஊர்வலம் மாதிரி."

அவர் கேட்டது இதுதான்: முன்பக்க அமைப்பு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு, ஜீப்பில் இருப்பதுபோல் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு ஆக்ஸிலை முன்னால் பூட்ட வேண்டும். ஒரு சக்கரம் ஏறினால் அதே ஆக்ஸில் மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும். முறிவதற்கு மெல்லிய பாகமும் இராது. இதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற அவர் அலைந்தது தனிக் கதை.

தம்பி தயங்கினான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வெட்டி ஒட்டும் வேலை. தவறினால் பட்டறையின் பெயர் போய்விடும். அதே வாரத்தில்தான் பள்ளித் தாளாளரின் கடிதம் வந்தது. ஜூனில் மேல்நிலை வகுப்புகளை மீண்டும் தொடங்குகிறார்கள். என் இடம் எனக்காகவே இருக்கிறது. மே மாத இறுதிக்குள் பதில் எழுத வேண்டும்.

நைனா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சேர்ல ஒக்காரலாம், ஃபேன் இருக்கும்மா" என்றார்.

நான் தம்பியிடம் போய், முனிரத்தினத்தின் வேலையை நான் அளந்து வரைந்து தருகிறேன் என்றேன். அவன் வெகுநேரம் ஸ்பேனரைத் துடைத்தான்.

"சரிக்கா. வண்டி நல்லா வந்துச்சுன்னா நீ இங்கயே இரு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். வரலைன்னா ஸ்கூலுக்குப் போயிடணும். அழக்கூடாது."

"யார் அழக்கூடாது?"

"ரெண்டு பேரும்தான்" என்றான்.

தலைகீழாகத் திருப்பிய கூடு

பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு நல்ல முன் ஆக்ஸிலைப் பிடித்தோம். அதில் ஒரே ஒரு சிக்கல். ஆக்ஸிலின் நடுவே, கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூடு சரியான மையத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஆக்ஸிலில் அது வலப்பக்கம். பிக்கப்பிலோ எஞ்சின் விசையை முன்னால் கொண்டுவரும் ஷாஃப்ட் இடப்பக்கம் வருகிறது. இரண்டும் சந்திக்காது.

வேறு ஆக்ஸில் தேடலாம் என்றான் தம்பி. நான் இரவு உணவு மேசையில் ஒரு கரண்டியை வைத்து அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் இருந்த குழி இடப்பக்கம் வந்தது. அவ்வளவு எளிது! ஆக்ஸிலின் இரு முனைகளை மட்டும் அறுத்து எடுத்து, கூட்டைத் தலைகீழாகப் புரட்டி, முனைகளை மறுபடி நேராக வைத்து ஒட்டிவிட்டால் போதும். நான்கு தாள்களில் வரைந்தேன். ஸ்டியரிங் முனைகளின் சாய்வு எத்தனை பாகை, ஷாஃப்ட் சந்திக்கும் கோணம் எத்தனை பாகை என்றெல்லாம் எழுதினேன். கன்னியப்பன் அந்தத் தாள்களைச் சாப்பாட்டுத் தூக்கைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஒட்டி முடித்த அன்று அவர் ஆக்ஸிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டீச்சர், எண்ணெய் ஊத்துற ஓட்ட தரையப் பாத்துகினு கீது. எண்ணெய் எறக்குற ஓட்ட வானத்தப் பாக்குது."

"தலைகீழாகத் திருப்பியிருக்கிறோமே. புதிதாக ஓட்டை போட்டுக்கொள்ளலாம்."

"போட்டுக்கலாம்" என்றார். "ஆனா அதுக்குப் பொறந்ததுலருந்து நேரா நின்ன பழக்கம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். புதிதாக ஓட்டை போட்டோம்.

முன்னால் லீஃப் ஸ்பிரிங் கட்டுகள், பெரிய பல் வைத்த டயர்கள், முன்சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் புது டை ராடு எல்லாம் பூட்டியதும் வண்டி முழங்கையளவு உயர்ந்து நின்றது. பின்சக்கரங்களின் விசையில் மட்டும் அரக்கோணம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங் வெண்ணெய்போல் இருந்தது. இனி நான்கு சக்கர விசையைப் போட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. முனிரத்தினம் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாங்க. புது கியரு மொதல்ல முருகன் முன்னாலதான் உழணும். வெள்ளிக்கிழமை பூச போட்டுட்டு அங்கயே போடுவோம்."

வாடிக்கையாளரின் பக்தியை மறுக்க எங்கள் பட்டறையில் யாருக்கும் துணிவில்லை. நானும் மறுக்கவில்லை. சோதிக்காத இயந்திரத்தைப் பொதுஇடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பதினெட்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் சொன்னவள் நான்.

மலைமேல் பூசை

வெள்ளிக்கிழமை காலை முனிரத்தினத்தின் உறவினர் பதினான்கு பேர் பிக்கப்பின் பின்தொட்டியில் ஏறினார்கள். திருத்தணி முருகன் மலைப்பாதையில் வண்டி பாடிக்கொண்டே ஏறியது. பின்னால் தம் ஜீப்பில் பாவா வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஸ்கூட்டர்கள்.

மேலே, வண்டிகளுக்குப் பூசை போடும் சரளை நிலத்தில் பிக்கப்பை நிறுத்தினார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. குருக்கள் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். முனிரத்தினம் இறங்கி, முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்புகளைக் கையால் திருகிப் பூட்டினார். அப்போதுதான் முன் ஆக்ஸிலின் விசை சக்கரத்துக்குப் போகும். பிறகு ஏறி உட்கார்ந்து, சின்ன லீவரை நான்கு சக்கரத்துக்கு இழுத்து, முதல் கியர் போட்டார்.

"எடுப்பா!" என்றார் குருக்கள். "அரோகரா!" என்றது பின்தொட்டி.

கிளட்சை விட்டதும் வண்டி சிலிர்த்தது. முனகியது. அடியிலிருந்து கண்ணாலம் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் குரலில் ஒரு கிறீச்சு எழுந்தது. மெல்ல ஒரு முழம் முன்னே நகர்ந்தது. பின்சக்கரங்களின் பழங்கள் இரண்டும் பதமாக நசுங்கின. முன்சக்கரங்களின் பழங்கள் இரண்டும் நசுங்கவில்லை. பறந்தன. ஒன்று சாமந்தி விற்கும் அம்மாவின் கூடையில் விழுந்தது. மற்றது பாவாவின் முழங்காலுக்குக் கீழே சரியாகப் பட்டது.

"ஐயோ!" என்று பாவா காலைப் பிடித்தார்.

பின்தொட்டியில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முனிரத்தினத்தின் அத்தை ஒருவர், "சாமி ஒத்துக்கல" என்று மெல்லச் சொன்னார். தம்பி கன்னியப்பனைப் பார்த்தான்.

"ஹப்ப எதாவது மாத்தி மாட்டிட்டியாய்யா?"

கன்னியப்பன் குனிந்து ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அதுதான் என்னை உறுத்தியது. நான் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் உருளும் சக்கரம் பழத்தை அடியில் இழுத்து நசுக்கும். பழத்தை முன்னால் வீசி எறிய வேண்டுமானால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

கரும்பலகை இல்லாமலே விடை தெரிந்தது.

"எல்லாரும் கீழே இறங்குங்க"

பின்தொட்டியில் இருந்த பதினான்கு பேரையும் இறங்கச் சொன்னேன்.

"எதுக்கு டீச்சர்?" என்றார் முனிரத்தினம்.

"ஒரு சோதனை. பின்னால் பாரம் இல்லாமல் அதே முதல் கியரில் எடுங்கள்."

அத்தை உட்பட எல்லாரும் இறங்கினார்கள். பின்புறம் இலேசாயிற்று, எஞ்சினும் புது ஆக்ஸிலும் இருக்கும் முன்புறம்தான் இப்போது கனம். முனிரத்தினம் கிளட்சை விட்டார். மாலை போட்ட பிக்கப் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு, முதல் கியரில், கம்பீரமாகப் பின்னால் போயிற்று.

"டீச்சர்! ஃபர்ஸ்ட்டு கியர்லதாங்க கீது! நான் ஒண்ணும் பண்ணலீங்க!"

"ஆங், தெரியும். நிறுத்துங்கள்."

பாவா வலியை மறந்துவிட்டார். "அப்ப ரிவர்ஸ் போட்டா முன்னால வருமா?" என்றார், குழந்தையின் ஆர்வத்தோடு. போட்டுப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியவில்லை. போட்டார்கள். முன்னால் வந்தது. காவடியோடு வந்திருந்த கூட்டம் கை தட்டியது. குருக்கள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் தம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றேன். வகுப்பறையில் நிற்பதுபோல் நின்றேன்.

"ஹப் சரியாகத்தான் இருக்கிறது. கன்னியப்பன் வேலையில் குறை இல்லை. கூட்டைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னது நான். அப்படித் திருப்பினால் சக்கரங்களைச் சுற்றும் கிரவுன், எஞ்சின் திருப்பும் பினியனுக்கு மறுபக்கம் வந்துவிடும். சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். பின்சக்கரங்கள் முன்னே தள்ளுகின்றன, முன்சக்கரங்கள் பின்னே தள்ளுகின்றன. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. இது சாமி குற்றமில்லை. என் கணக்கு."

பிறகு முனிரத்தினம் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்படியே ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். அவரைப் பார்த்துக் கன்னியப்பன், கன்னியப்பனைப் பார்த்து அத்தை. கடைசியாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும். கண்ணில் நீர் வருமளவு சிரித்தேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகிறவள் சிரிப்பதுபோல அது இல்லை என்று தம்பி பிறகு ஒருநாள் சொன்னான்.

அன்று அவன் சிரிக்கவில்லை. ஹப்புகளைத் திருகி விடுவித்து, பின்சக்கர விசையில் வண்டியை மலையிறக்கிக் கொண்டுவந்தோம். பட்டறை வாசலில் அவன் மெல்லச் சொன்னான்: "லெட்டர் எழுதிடுக்கா."

"எழுதிவிடுகிறேன்" என்றேன். நியாயமான சொல். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

முனிரத்தினம் அதைக் கேட்டுவிட்டார்.

"எந்த லெட்டரு?"

தம்பி விவரம் சொன்னான். முனிரத்தினம் தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் ஆவாது தம்பி. இந்த வண்டிய டீச்சர்தான் சரி பண்ணணும். வேற யார்கிட்ட குடுத்தாலும் இந்தக் கதைய மொதல்லருந்து சொல்லணும். என்னால சிரிப்ப அடக்கிகினு சொல்ல முடியாது."

மே மாதம் முடியப் பதினெட்டு நாட்கள் இருந்தன. தம்பி நாட்காட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பதினோரு நாள்

கூடு நேராகத்தான் நிற்க வேண்டும். ஆனாலும் அது இடப்பக்கம் வர வேண்டும். இந்த முறை நான் கரண்டியை நம்பவில்லை. ஆக்ஸில் என்பது நடுவில் ஒரு கூடு, ஒரு பக்கம் நீளக் குழாய், மறுபக்கம் குட்டைக் குழாய். கூட்டைத் தொடாமல், குழாய்களை மட்டும் பிடுங்கிப் பக்கம் மாற்றிச் செருகினால்? கன்னியப்பனிடம் கேட்டேன்.

"புடுங்க முடியும். ஒட்டியிருக்கிற வெல்டிங் பொட்டுங்கள அரைச்சி எடுத்து, சூடு காட்டி, பிரஸ்ல தள்ளணும். திரும்பிச் சொருகும்போது நேரா நிக்கணும், அதான் கஷ்டம்."

"எவ்வளவு நேராக?"

அவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "இதும் பருமன்ல பாதி கோணினாக்கூட டயர தின்னுடும்."

அறுத்த முனைகளை மறுபடி அறுத்தோம். குழாய்களைப் பிடுங்கினோம். கத்திரி வெயிலில் இரும்புக்குச் சூடு காட்டுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதைச் செய்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நாளெல்லாம் ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, நீண்ட கம்பி ஒன்றைக் குழாய்களுக்குள் செருகி, மூன்று இடங்களில் அளந்தேன். கன்னியப்பன் எண் சொன்னார், நான் அளந்தேன். ஆறாவது நாள் அவர் எண்ணும் என் எண்ணும் ஒன்றாயின. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில், "மறுபடி பாப்போம்" என்றோம்.

ஒட்டுவதற்கு முன் பினியனைக் கையால் திருப்பச் சொன்னேன். தம்பியே திருப்பினான். எஞ்சின் திருப்பும் திசையில் திருப்பினான். நானும் கன்னியப்பனும் ஆளுக்கொரு சக்கரத்தருகில் குந்தியிருந்தோம்.

"என்னுது முன்னால" என்றேன்.

"என்னுதும் முன்னால" என்றார்.

"இன்னொரு தபா" என்றான் தம்பி. பன்னிரண்டு முறை திருப்பினான். பன்னிரண்டாவது முறை அவன் முகத்தில், சின்ன வயதில் பட்டம் ஏறும்போது வரும் சிரிப்பு வந்தது.

ஓடைப் பாறை

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. பள்ளிப்பட்டுக்கு அப்பால் வறண்ட ஓடையில் பாறைகள் படிப்படியாகக் கிடக்கும் ஒரு சரிவு. முனிரத்தினத்தின் வண்டி மூன்று முறையும் முறிந்த இடம். இம்முறை முந்தைய நாளே பட்டறைக்குப் பின்னுள்ள மேட்டில் நான்கு சக்கர விசையைப் போட்டுப் பார்த்தாயிற்று; முருகன் பொறுத்துக்கொள்வார் என்று முனிரத்தினமே சொன்னார்.

"ஏறுங்க டீச்சர்" என்று கதவைத் திறந்தார்.

"நான் இங்கிருந்து பார்க்கிறேன்."

"நீங்க ஏறாம வண்டி ஏறாது."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். முதல் பாறையில் என் பக்கத்துச் சக்கரம் ஏறியது. ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது. ஆனால் முனிரத்தினத்தின் பக்கத்துச் சக்கரம் தரையை விடவில்லை. ஆக்ஸில் தராசுக்கோல்போல் சாய்ந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தாளில் நான் வரைந்த கோடு எனக்கு அடியில் உயிரோடு அசைந்தது. நான் கத்தினேன் என்கிறார்கள். பாடினேன் என்று கன்னியப்பன் சொல்வார். எதுவாயினும், மேலே போய்ச் சேர்ந்தபோது என் கைப்பை பின்சீட்டில் இருந்தது, செருப்பில் ஒன்று காணோம்.

பாவா நடந்தே ஏறி வந்தார். "முன்னால போவுதே!" என்றார். "கண்ணுக்குப் பழக மாட்டேங்குது." பிறகு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கு அடியில் படுத்து உள்ளே நகர்ந்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எழுந்து வந்தபோது முதுகெல்லாம் மண். என்னிடம் பேசவில்லை, தம்பியிடம் பேசினார்.

"என் ஜீப்புல வேகம் போனா ஸ்டியரிங் ஆடுது. செவ்வாக்கிழமை எடுத்துகினு வர்றேன். டீச்சர் இருப்பாங்கல்ல? அவங்க இருந்தாதான் வருவேன்."

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டே, "இருப்பாங்க" என்றான்.

மறுநாள் தாளாளருக்கு நன்றியும் மறுப்பும் எழுதினேன். நைனா முகவரி எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. மாலையில் வீட்டிலிருந்த பழைய மேசை விசிறியைப் பட்டறைக்குத் தூக்கிவந்து என் இருக்கையருகில் வைத்துவிட்டுப் போனார்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு

ஆக்ஸில் மாற்றும் வேலையில் கோணம், நீளம், சாய்வு எல்லாவற்றையும் அளவுகோல் சொல்லும். சுற்றும் திசையை அது சொல்லாது. ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுவதற்கு முன் இரு சக்கரங்களிலும் சாக்பீஸால் அம்புக்குறி போடுகிறோம். ஒருவர் பினியனைக் கையால் திருப்ப, இரண்டு பேர் சக்கரத்தைப் பார்த்து, தாங்கள் கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும். வரைந்தவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது; அன்று நான் இருந்தது தவறு. அவருக்குத் தாம் நினைத்ததுதான் தெரியும். வேலை செய்பவர் ஒன்று இயல்பாக இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கன்னியப்பன் ஓட்டையைக் காட்டியபோது நான் கேட்டிருந்தால் பதினோரு நாள் மிச்சமாகியிருக்கும். தவறு வெளிப்படும்போது அது யாருடையது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிகிறது.

நைனா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தம்பிக்கு முதுகுவலி வந்துவிட்டது; மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். கன்னியப்பன் கே.ஜி.கண்டிகையில் மகன் வீட்டில் இருக்கிறார். கண்ணில் புரை விழுந்துவிட்டது, ஆனால் தொலைபேசியில் சாய்வைச் சொன்னால் எண் சொல்கிறார். பட்டறையில் இரண்டு வெல்டர்களும் ஒரு ஃபிட்டரும் நானும் இருக்கிறோம்.